குப்புசாமி: ஒரு பெயரின் பிறப்பும் செல்வாக்கும்



இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஆண்பிள்ளைப் பெயர்: குப்புசாமி. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டில் ஒரு குப்புசாமியாவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. ரேஷன் கடை வரிசையில் ‘குப்புசாமி’ என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இன்று ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைப்பது கடினம். வாக்காளர் பட்டியலில் ‘தந்தை பெயர்’ என்ற இடத்தில் அது இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் ‘கு.’ என்றோ ‘கே.’ என்றோ ஒற்றை எழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. தாத்தாவுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்தப் பெயர் பரவியதற்கும் மறைந்ததற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. பிறந்த பிள்ளை பிழைக்குமா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவரை குப்புசாமிகள் பிறந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்வியின் கடுமை குறையக் குறைய, பெயரும் குறைந்தது. பழைய பாணிப் பெயர் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அதில் தாய்மார்களின் துயரமும் பிடிவாதமும் அடங்கியிருக்கின்றன.

பெயர் பிறந்த விதத்தை முதலில் பார்க்கலாம். ஒரு வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்திருக்கும். அடுத்த பிள்ளை பிறந்ததும் வீட்டுப் பெரியவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். குழந்தையை முறத்தில் கிடத்தி, கொல்லைப்புறத்திலோ தெருக்கோடியிலோ இருக்கும் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாணமும் அடுப்புச் சாம்பலும் பெருக்கிப்போட்ட சருகும் சேர்ந்து, வயலுக்கு எருவாகக் காத்திருக்கும் மேடு அது. அதன்மேல் குழந்தையை ஒரு கணம் கிடத்துவார்கள். சில ஊர்களில் மெல்லப் புரட்டியும் எடுப்பார்கள். உறவுக்காரரல்லாத ஒரு பெண் அங்கே வந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் பிள்ளையைக் கண்டெடுத்ததுபோல எடுத்துக்கொள்வாள். பெற்றவள் அவளிடம் ஒரு படி தவிட்டையோ சில்லறைக் காசையோ கொடுத்து, தான் பெற்ற பிள்ளையைத் தானே விலைக்கு வாங்குவாள். குப்பையிலிருந்து வந்த பிள்ளை என்பதால் ஆணானால் குப்பன், குப்பு, குப்புசாமி. பெண்ணானால் குப்பாயி, குப்பம்மாள். மூக்கையும் குத்திவிடுவது உண்டு. ஆண்பிள்ளைக்குக்கூட ஒரு சின்ன வளையம் மூக்கில் இருக்கும்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்திய வழக்கங்களைத் தொகுத்தபோது இந்தப் பழக்கத்தையும் இதையொட்டிய பெயர்களையும் குறித்துவைத்திருக்கிறார். அவர் எழுதியதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பழக்கம் இங்கே வேரூன்றியிருந்தது.

சடங்கின் உள்ளே இருக்கும் கணக்கு தெளிவானது. அருமையான பிள்ளை என்று தெரிந்தால் எமன் கண் வைப்பான், ஊரார் கண்ணும் படும். யாருக்கும் வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்த பிள்ளை என்றால் விட்டுவிட்டுப் போய்விடுவான். முன்பு பிறந்தவை இந்த வயிற்றில் தங்கவில்லை என்பதால், இந்தப் பிள்ளை இந்த வயிற்றில் பிறந்ததே அல்ல என்று ஊரறிய நடத்திக்காட்டுவார்கள். மூக்குக் குத்துவதும் அதற்காகத்தான். ஊனமுள்ளதைச் சாவு தீண்டாது என்ற நம்பிக்கையில், உடம்பில் ஒரு சிறு குறையை முன்கூட்டியே ஏற்படுத்திவிடுவார்கள்.

இதே எண்ணத்தில் பிறந்த பெயர்கள் தமிழில் ஒரு பெரிய குடும்பம். மூக்கு குத்தியதால் மூக்கன், மூக்கையா, மூக்காயி. தவிட்டுக்கு வாங்கியதால் தவிடன், தவிட்டம்மா. வீடு வீடாகக் கையேந்தி வாங்கிய அரிசியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததாலும், கடவுள் போட்ட பிச்சை என்ற எண்ணத்தாலும் பிச்சை, பிச்சையம்மாள், பிச்சைமுத்து. இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் மூவரிடமும் பிச்சை என்ற பெயர் உண்டு. நாகூர் ஆண்டவர் தர்காவில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்குத் தஞ்சை, நாகப்பட்டினம் பகுதி இந்துக் குடும்பங்கள் பக்கிரிசாமி என்று பெயர் வைத்தன. பக்கிரி என்ற அரபுச் சொல்லும் சாமி என்ற சொல்லும் ஒரே பிள்ளையின் பெயரில் சேர்ந்துகொண்டன. பிள்ளை பிழைத்தால் போதும் என்று நின்ற தாய்க்கு எந்த வாசலும் வேற்று வாசலாக இருக்கவில்லை.

1900இல் கும்பகோணத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு வேங்கடமகாலிங்கம் என்று பெயர். வீட்டில் அழைத்தது பிச்சை என்று. பின்னாளில் தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ந. பிச்சமூர்த்தி அவர்தான். சூட்டிய பெயர் பின்தங்கிவிட, அழைத்த பெயரே இலக்கிய வரலாற்றில் நிலைத்தது. அவர் எடுத்துக்கொண்ட புனைபெயர்களில் ஒன்று ‘பிக்ஷு’.

அந்தக் காலத்துத் தாய்மார்களின் அச்சம் வீண் அச்சம் அல்ல. 1911 முதல் 1915 வரையிலான ஆண்டுகளில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் சுமார் 200 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தன என்று அரசுக் கணக்குகள் காட்டுகின்றன. ஐந்தில் ஒன்று. பதிவேட்டில் ஏறாத சாவுகள் தனி.

எண்ணைவிட ஒரு வீட்டை உதாரணம் காட்டினால் இது இன்னும் நன்றாகப் புரியும். கணிதமேதை இராமானுஜன் 1887 டிசம்பரில் ஈரோட்டில் தாய்வீட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவருக்குப் பின் ஒரு தம்பி பிறந்தான். மூன்று மாதம்கூட இருக்கவில்லை. அதன்பிறகு 1891இலும் 1894இலும் பிறந்த இரு குழந்தைகளும் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன. இராமானுஜனுக்கே 1889 டிசம்பரில் பெரியம்மை கண்டது. அந்த ஆண்டு தஞ்சை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோன அம்மை அது. அவர் தப்பினார். கோயில் நகரத்தின் அக்கிரகாரத்தில், படித்த குடும்பத்தில், இதுதான் நிலைமை. வெளியூர்க் குடிசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அம்மை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத கத்தியால் அறுத்ததால் வரும் ரண ஜன்னி என்று பிள்ளைகளைப் பறிக்க எத்தனையோ வழிகள் இருந்தன. தடுக்க ஒரு வழியும் தாயின் கையில் இல்லை. அவள் கையில் இருந்தது பெயர் ஒன்றுதான்.

அதனால்தான் குப்புசாமி என்ற பெயர் சாதி பார்க்கவில்லை. தமிழ்ப் பெயர்கள் பலவற்றைக் கேட்டவுடன் எந்த ஊர், எந்தச் சமூகம் என்று ஊகித்துவிடலாம். குப்புசாமியில் அந்த ஊகம் எடுபடாது. குப்புசாமி ஐயர், குப்புசாமி முதலியார், குப்புசாமி நாயுடு, குப்புசாமி செட்டியார், குப்புசாமி கவுண்டர், குப்புசாமி படையாட்சி என்று எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். அவர்களில் சிலர் செய்த காரியங்கள் பெரியவை.

தியாகராஜ சுவாமிகளின் நேர்ச்சீடர்களில் ஒருவர் திருவொற்றியூர் வீணை குப்பய்யர். இன்றும் கச்சேரி மேடைகளிலும் பாட்டு வகுப்புகளிலும் ஒலிக்கும் வர்ணங்கள் சிலவற்றை இயற்றியவர். அடுத்த நூற்றாண்டில், சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரி (1880–1943), உலகெங்கும் சிதறிக் கிடந்த வடமொழிச் சுவடிகளையெல்லாம் ஒரே பட்டியலில் கொண்டுவரும் பெரும்பணியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்தவர். அவர் பெயரால் மயிலாப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

கோயம்புத்தூரில் ஜி. குப்புசாமி நாயுடு 1910இல் லட்சுமி மில்லைத் தொடங்கினார். அந்தப் பஞ்சாலை நின்ற இடம் இன்றும் லட்சுமி மில்ஸ் நிறுத்தம் என்றே அழைக்கப்படுகிறது. 1952இல் அவர் நினைவாக எழுந்த மருத்துவமனையைக் கொங்கு நாட்டில் தெரியாதவர் இல்லை. நம்பிக்கையாலும் சடங்காலும் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்த பெயர் ஒன்று, நோயாளிகள் நம்பி வரும் மருத்துவமனையின் வாசலில் எழுதப்பட்டிருக்கிறது.

வாசகர்கள் மறந்துவிட்ட ஒரு குப்புசாமியும் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் (1866–1925). ‘ஆனந்த போதினி’ இதழின் ஆசிரியராக இருந்தவர். ரெயினால்ட்ஸ் முதலிய மேல்நாட்டு எழுத்தாளர்களின் நாவல்களைத் தழுவி, துப்பறியும் கதைகளைத் தமிழில் பரப்பியவர். மறைமலையடிகளும் வ.உ.சி.யும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், புத்தகம் வாங்கும் பழக்கமே இல்லாத குடும்பங்களுக்குள் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். இன்று அதே ஆரணியிலிருந்து இன்னொரு குப்புசாமி மொழிபெயர்க்கிறார். ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’, அருந்ததி ராயின் ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ ஆகியவற்றைத் தமிழுக்குத் தந்த ஜி. குப்புசாமி. ஒரே ஊர், ஒரே பெயர், உலக நாவலைத் தமிழுக்குக் கொண்டுவரும் ஒரே வேலை. நடுவில் ஒரு நூற்றாண்டு.

மேடையில் பாடி இந்தப் பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கேட்கச் செய்தவர் புஷ்பவனம் குப்புசாமி. வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனம் கிராமத்தின் பெயரையும் சேர்த்தே அவர் புகழ்பெறச் செய்தார். ஈரோட்டில் மெஸ்ஸாகத் தொடங்கிய ‘ஜூனியர் குப்பண்ணா’வின் பெயர்ப்பலகை இன்று பல நகரங்களில் தொங்குகிறது. கொங்கு வட்டாரத்தில் குப்புசாமியை மரியாதையும் உரிமையுமாக அழைக்கும் பெயர்தான் குப்பண்ணா.

இந்தப் பெயரின் வரலாற்றில் கசப்பான பகுதி ஒன்றும் உண்டு. சடங்கு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. பெயரின் முடிவு ஒன்றாக இருக்கவில்லை. வசதியுள்ள, மேல்படியில் இருந்த வீடுகளில் பிள்ளை குப்புசாமி ஆனான். பின்னால் சாதிப் பட்டமும் ஏறியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளை குப்பனாகவே நின்றான். எழுபது வயதானாலும் பண்ணையார் வீட்டுச் சிறுவன் அவரை ‘ஏய் குப்பா’ என்று கூப்பிட்டான். தாய் பாசத்தால் இட்ட தாழ்வான பெயரை, ஊர் இழிவுபடுத்தும் ஆயுதமாக எடுத்துக்கொண்டது. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் பெயர்களைக் கேள்வி கேட்டதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அதன்பின் மெல்ல மெல்லக் குப்புசாமி வெறும் குப்புசாமியாக நின்றார்.

அடுத்த ஆண்டே ஒரு குப்பன் தமிழ்க் கவிதையின் கதைத்தலைவன் ஆனான். 1930இல் பாரதிதாசன் எழுதிய ‘சஞ்சீவி பர்வதத்தின் சார’லில் காதலன் பெயர் குப்பன், காதலி பெயர் வஞ்சி. இராசகுமாரர்களையும் வீரர்களையும் பாடிய காவிய மரபில் குப்பன் என்ற பெயர் ஏறியது ஒரு துணிச்சல். அனுமார் மலையைத் தூக்கிவிடுவார் என்று நடுங்கும் குப்பனுக்கு வஞ்சி தெளிவு சொல்கிறாள். பகுத்தறிவைக் கேட்டுக்கொள்ள வேண்டிய சாதாரணத் தமிழனுக்குக் கவிஞர் தேர்ந்தெடுத்த பெயர் அது. ‘குப்பனும் சுப்பனும்’ என்று மேடைப்பேச்சாளர்கள் இன்றும் சொல்லும்போது, அவர்கள் மனத்தில் இருப்பதும் அந்தச் சாதாரண மனிதன்தான்.

பெயர் கடலும் தாண்டியது. 1834 முதல் மொரீசியசுக்கும் 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். துறைமுக எழுத்தர் கேட்டபோது அவர்கள் சொன்னது ஒரே ஒரு பெயர். காதில் விழுந்தபடி அதை அவர் எழுதிக்கொண்டார். நாளடைவில் அதுவே குடும்பப் பெயராகி, மொரீசியசிலும் தென்னாப்பிரிக்காவிலும் ‘கூப்பூசாமி’, ‘கூப்பன்’ என்ற குடும்பங்கள் உருவாயின. அங்கே பிறக்கும் பிள்ளைக்கு முதற்பெயர் பிரெஞ்சாக இருக்கலாம், ஆங்கிலமாக இருக்கலாம். குடும்பப் பெயரில் ஆற்காட்டுப் பக்கத்துக் குப்பைமேடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிஜித் தீவில் 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவி, கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் எழ வழிசெய்தவர் சாது குப்புசாமி. தாய்மொழியும் சமயமும் அந்தத் தீவில் அழியாமல் இருக்க அந்தச் சங்கம் செய்த பணி பெரிது.

தமிழர்கள் மட்டும் இப்படிப் பெயர் வைத்தவர்கள் அல்லர். தெலுங்கில் பெண்டய்யா, பெண்டம்மா. கன்னடத்தில் திப்பண்ணா, திப்பேசாமி. இரண்டுக்கும் அடிப்படை அதே எருக்குழிதான். சித்திரதுர்கா மாவட்டம் நாயகனஹட்டியில் திப்பேருத்ரசாமி கோயிலே இருப்பதால், அந்தப் பக்கத்தில் திப்பேசாமி என்ற பெயர் மதிப்போடு வழங்குகிறது. வங்காளத்தில் மூன்று கவடிக்கு வாங்கிய பிள்ளை தீன்கொடி, ஐந்து கவடிக்கு வாங்கிய பிள்ளை பாஞ்ச்கொடி. மங்கோலியாவில் ‘பெயரில்லாதவன்’ என்ற பொருளில் நெர்குய் என்று வைத்தார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் நோஞ்சான் குழந்தைக்கு ‘கிழவன்’ என்று பொருள்படும் ஆல்டர் என்ற பெயரைச் சூட்டி, முதுமைவரை வாழ வைக்கப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், ஒரே துயரத்துக்கு ஒரே மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இனி, பெயர் ஏன் மறைந்தது? தனித்தமிழ் இயக்கம் வந்தது, திராவிட இயக்கம் வந்தது. இளங்கோ, அன்பழகன், நெடுஞ்செழியன் என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு வந்தன. பிறகு சினிமா நடிகர்களின் பெயர்கள், எண்கணிதப் பெயர்கள், வடமொழிச் சாயலில் இரண்டெழுத்து மூன்றெழுத்துப் பெயர்கள். திரைப்பட நகைச்சுவைக் காட்சிகள் குப்புசாமியைப் பட்டிக்காட்டான் பெயராக்கிவிட்டன. பள்ளியில் கேலிக்கு அஞ்சி அரசிதழில் பெயரை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. இவையெல்லாம் உண்மை. ஆனால் முருகன், குமார், செந்தில், சுப்பிரமணியன் போன்ற பெயர்களும் இதே மாற்றங்களைச் சந்தித்து, பல வடிவங்களில் பிழைத்திருக்கின்றன. குப்புசாமி மட்டும் வேரோடு போனது.

அதற்கான காரணத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேடுகளில்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1971இல் ஆயிரம் பிறப்புக்கு 113 ஆக இருந்த சிசு மரணம், 2020இல் 13 ஆகக் குறைந்தது. பெரியம்மையின் கடைசி நோயாளி இந்தியாவில் கண்டறியப்பட்டது 1975இல். கிராமச் செவிலியர் தெருத்தெருவாக நடந்து கர்ப்பிணிகளுக்கு டி.டி. ஊசி போட்டார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வயிற்றுப்போக்கிலிருந்து பிள்ளைகளைக் காத்தது. கிராமத்துப் பிரசவங்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தன. பிறந்த குழந்தைகளைத் தாக்கும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015இல் சான்றளித்தது. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நான்காவதை முறத்தில் ஏந்திக் குப்பைமேட்டுக்கு நடக்க வேண்டிய தேவை எந்தத் தாய்க்கும் இல்லாமல் போனது. ஒரு பெயரின் மறைவை மகிழ்ச்சியோடு பேச முடியுமானால், இது அப்படிப்பட்ட மறைவு.

குழந்தைகள் பிழைக்கும் அந்த மருத்துவமனைகளிலேயே குப்புசாமி என்ற பெயர் இன்று நாள்தோறும் எழுதப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. உளவியல் பேராசிரியர் பி. குப்புசாமி 1976இல் ஒரு குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க ஓர் அளவுகோலை வகுத்தார். குடும்பத் தலைவரின் படிப்பு, அவர் பார்க்கும் வேலை, குடும்பத்தின் மாத வருமானம் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண். கூட்டினால் 3 முதல் 29 வரை வரும். அதைக்கொண்டு குடும்பத்தை ஐந்து தட்டுகளில் ஒன்றில் வைப்பார்கள். விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப வருமான வரம்பை மட்டும் அவ்வப்போது திருத்திக்கொண்டு, இந்தியா முழுவதும் மருத்துவக் கல்லூரிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். குழந்தைகள் வார்டில் ஒரு முதுகலை மருத்துவ மாணவி, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் ‘வீட்டுக்காரர் என்னம்மா வேலை பார்க்கிறார், எதுவரைக்கும் படிச்சிருக்கார், மாசம் எவ்வளவு வரும்?’ என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் ‘குப்புசாமி அளவுகோல்’ என்று எழுதிப் பக்கத்தில் மதிப்பெண்ணைக் குறிக்கிறாள். எந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து அதிகம், எங்கே உதவி தேவை என்று அறிய அந்த எண் பயன்படுகிறது.

மறுபடியும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வையுங்கள் என்று யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. வேறொரு வேலை இருக்கிறது, அதற்கு அவகாசம் குறைவு. குப்புசாமிகளும் மூக்கையாக்களும் தவிட்டம்மாக்களும் பக்கிரிசாமிகளும் இன்று பெரும்பாலும் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். தங்களுக்கு முன் எத்தனை பிள்ளைகள் இறந்தார்கள், குப்பையிலிருந்து எடுத்தவள் யார், என்ன விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதைத் தாய் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள்தான். எந்த மக்கள்தொகைக் கணக்கிலும் அந்தச் செய்தி இல்லை. கல்லூரித் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி, பெயரையும் அதன் காரணத்தையும் அவரவர் வாய்மொழியிலேயே பதிவுசெய்ய வேண்டும். இந்த அவையில் இருக்கும் இளைஞர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போனதும் தாத்தா, பாட்டியின் பெயர்க்காரணத்தைக் கேட்டு, பிறந்த ஊரோடும் ஆண்டோடும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அவர்களுக்கு முன் பிறந்து இறந்த குழந்தைகளுக்குப் பெயர் இருந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.